கோடரி ஒருவன் கையில், லாபம் வேறொருவன் பையில்!

மானாவாரிச் சீமை மொட்டையாகிக்கொண்டு வருகிறது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஜில்லாக்களிலும், தூத்துக்குடி ஜில்லாவின் கரிசல் தாலுகாக்களிலும், வடக்கே தருமபுரி, சேலம், திருவண்ணாமலை ஜில்லாக்களின் மலையடிவாரங்களிலும் வாழும் ஜனங்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேம்பும் கருவேலும் உடையும் நின்ற புறம்போக்கு இன்று முள்ளும் பாறையுமாகக் கிடப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். தலைச்சுமை விறகுக்கு முன்பு ஊர் எல்லைவரை போன பெண்கள் இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதை அவர்களுடைய கால்களே சொல்லும்.

இதற்கு யார் காரணம்? பட்டணத்துப் பெரிய மனிதர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. "ஏழைகள் விறகுக்கு வெட்டுகிறார்கள், ஆட்டை அவிழ்த்துவிட்டு மேய்க்கிறார்கள், அறியாமையால் காட்டை அழிக்கிறார்கள்" என்கிறார்கள். இந்தப் பல்லவியை வெள்ளைக்கார ஆட்சிக் காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம். சுள்ளி பொறுக்கிய கிழவியின் கட்டைப் பிடுங்கிக்கொண்டு அபராதம் கேட்கும் அதே கை, லாரி லாரியாகப் போகும் மரத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறது. கட்டு யார் தலையில் இருக்கிறது என்று பார்த்தால் போதாது. காசு யார் பெட்டிக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். இந்த வாரம் அதைத்தான் நாம் பார்க்க விரும்புகிறோம்.

மரம் போனால் என்ன போகிறது?

மானாவாரிச் சீமையில் ஆண்டு முழுவதும் மழை பெய்வதில்லை. தென் ஜில்லாக்களில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டுகிற சில நாள் மழையே ஆண்டுக்கெல்லாம் தண்ணீர். அந்தச் சில நாட்களில் விழுவதை மண் குடித்தால்தான் கிணறு ஊறும். மரத்தின் இலை மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கிறது; உதிர்ந்த சருகு நீரை நிறுத்தி வைக்கிறது; வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. மரமில்லாத மேட்டில் விழும் மழையோ மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த மண் ஓடை வழியே கண்மாய்க்குள் வந்து படிகிறது. கண்மாய் மேடிடுகிறது. மாசி வரை நின்ற தண்ணீர் தை பிறக்கும் முன்பே வற்றிப்போகிறது.

கண்மாய் வற்றினால் நிலச்சொந்தக்காரருக்கு ஒரு போகம் நஷ்டம். அவருக்கு வேறு வருமானம் இருக்கலாம், பாங்கியில் கடன் கிடைக்கலாம், இன்ஷ்யூரன்ஸ்கூடக் கிடைக்கலாம். விவசாயத் தொழிலாளிக்கோ களையெடுப்பு இல்லை, அறுப்பு இல்லை, களத்து வேலையும் இல்லை. மூன்று கூலியும் ஒரே அடியாகப் போகின்றன. கூலி இழந்தவனுக்கு நஷ்டஈடு என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

விறகு அருகிப்போனால் சாணம் அடுப்புக்குப் போகிறது. வரட்டி எரிகிற வீட்டில் நிலத்துக்கு எரு இல்லை. எரு காணாத மண் இறுகிப்போகிறது. இறுகிய மண்ணில் மழைநீர் இறங்குவதில்லை. ஆக, மேட்டில் வெட்டிய மரம் அடுப்படி வழியாக வந்து வயலையும் கெடுக்கிறது. கருவேலங்காய் இல்லாமல் கோடையில் ஆடு மெலிகிறது. வேப்பங்கொட்டை பொறுக்கி விற்று உப்பும் புளியும் வாங்கிய பெண்ணுக்கு அந்தச் சில்லறையும் போகிறது. ஆவாரந்தழையும் கொழிஞ்சியும் அறுத்து வயலில் மிதித்தவன் உர மூட்டைக்குக் கடைக்காரனிடம் கைநீட்டுகிறான். பெண்ணின் வேலை நேரம் நீளுகிறது. அவள் கூலி மட்டும் நீளுவதில்லை.

இது நமது ஊரோடு நின்றுவிட்ட சங்கதி அல்ல. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட வரைபடத் தொகுப்பின்படி, 2018-19 ஆம் ஆண்டில் இந்திய நிலப்பரப்பில் 29.77 சதவிகிதம், அதாவது 9 கோடியே 78 லட்சம் ஹெக்டேருக்கும் மேல், சீரழிந்த நிலமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! அந்த மூன்றில் ஒரு பங்கின் மீது வாழ்கிறவர்கள் யார்? பங்களாக்காரர்கள் அல்ல.

வெள்ளைக்காரன் கிழித்த கோடு

மரம் அழிந்த கதையைப் பொறுக்குகிறவளிடமிருந்து தொடங்குவது தவறு. ரயில் தண்டவாளத்திலிருந்து தொடங்குவோம். 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் ஓடிற்று. தண்டவாளத்தின் கீழே போட ஒரு மைலுக்கு 1,700-க்குக் குறையாத மரக்கட்டைகள் வேண்டியிருந்தன. என்ஜினுக்கு எரிக்கவும் விறகே வேண்டியிருந்தது. பாதை நீளநீள, பாதையின் இருமருங்கிலும் இருந்த குத்துக்காடுகள் வெட்டுண்டன. அதே 1856-ல்தான் சென்னை மாகாணத்தில் காட்டு இலாகா ஏற்பட்டது. கிளெக்ஹார்ன் என்ற டாக்டர் அதன் தலைவரானார். முதலில் வெட்டினார்கள், மரம் தட்டுப்பட்ட பிறகு பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்கள்.

1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காலங்காலமாக ஜனங்கள் ஆடுமாடு மேய்த்த, தழை அறுத்த, கலப்பைக்குக் கட்டை எடுத்த காடுகளைச் சுற்றிக் கோடு கிழித்து "ரிசர்வ்" என்று எழுதினார்கள். கோட்டுக்கு உள்ளே காலை வைத்தால் அபராதம். ஆடு நுழைந்தால் பட்டி. ஜனங்களின் முறையீடு மலைபோல் குவிந்த பிறகு, 1913-ல் சென்னை வனக் கமிட்டியின் அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு சில இடங்களில் ஊரை ஒட்டிய குத்துக்காடுகள் கிராமப் பஞ்சாயத்துகளிடம் விடப்பட்டன. ஊர் ஜனங்கள் காட்டை நிர்வகிக்க முடியும் என்பதை வெள்ளைக்கார சர்க்காரே அன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜமீன்தார்கள் செய்தது என்ன? 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் கையைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தவுடன், ஜமீன் காடுகளில் கோடரி விழுந்தது. அழிவு எந்த அளவுக்குப் போயிற்று என்பதற்கு 1949 ஆம் ஆண்டின் சென்னைத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமே சாட்சி. கண்மூடித்தனமான மர அழிப்பைத் தடுக்கவும், அந்தக் காடுகளில் ஜனங்களுக்கு இருந்த வழக்கமான உரிமைகளைக் காக்கவும் என்றே அந்தச் சட்டம் போடப்பட்டது. சுள்ளி பொறுக்கியவளைத் தடுக்கவா ஒரு சட்டசபை தனிச் சட்டம் போட்டது? பெரிய கோடரியைத் தடுக்கவே போட்டது.

சீமைக் கருவேலின் கதை

ஊர் மரங்கள் போன இடத்தை நிரப்பியது சீமைக் கருவேல். மெக்ஸிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம் இது. 1877-ல் ஜமெய்க்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பை ஜில்லாவில் ஊன்றினார்கள். விறகுப் பஞ்சத்துக்கு மருந்து என்றே கொண்டுவந்தார்கள். தண்ணீர் கேட்காது, உவர் மண்ணிலும் வளரும், வேலியாகும், எரியும் என்றார்கள். அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. காயை ஆடுமாடு தின்னும். சாணத்தில் விதை விழும். விழுந்த இடமெல்லாம் முளைக்கும். அடியோடு வெட்டினால் ஒரு தண்டுக்குப் பல தண்டாகத் துளிர்க்கும். கண்மாய்க்குள்ளும் வரத்துக்கால்களிலும் அது புகுந்தது. தண்ணீர் வரும் வழியை முள் அடைத்தது.

2017 தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் ஜில்லாக்களில் இந்த மரத்தை அகற்றும்படி உத்தரவிட்டது. ஊரெங்கும் பொக்லைன் இயந்திரங்கள் புறப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் உயர்நீதிமன்றமே இடைக்காலத் தடை விதித்து, நிபுணர்கள் ஆராயட்டும் என்றது. 2022-ல் தமிழக சர்க்கார் அந்நியத் தாவரங்களை அகற்றி மண்ணை மீட்கும் கொள்கை ஒன்றை வெளியிட்டது. உத்தரவுக்குக் குறைவில்லை. ஆனால் நடந்தது என்ன? மரம் ஏலம் போயிற்று. கான்ட்ராக்டர் தண்டை வெட்டிக்கொண்டு வேரை விட்டுவிட்டுப் போன இடங்களில், இரண்டு மழைக்குப் பிறகு பழைய முள்ளுக்குப் பதில் அதைவிட அடர்த்தியான முள் நிற்கிறது. அதை வெட்டவும் ஏலம்! கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை. ஏலக்காரருக்கு விறகு மட்டும் தவறாமல் வருகிறது.

இந்த மரத்தை எதிர்த்துக் கோஷம் போடுகிறவர்களும் உண்டு. ஆதரித்துப் பேசுகிறவர்களும் உண்டு. நாம் இரண்டு கட்சியிலும் இல்லை. கண்மாயிலும் வாய்க்காலிலும் விளைநிலத்திலும் நிற்கும் சீமைக் கருவேல் விவசாயத்தின் விரோதி. வேரோடு போக வேண்டும். அதே சமயம், மழை பொய்த்த ஆண்டுகளில் வேறு வேலையே இல்லாத பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியதும் அந்த முள்தான் என்பதை மறக்க முடியாது. மரத்தை ஒரே நாளில் பிடுங்கலாம். அந்தக் குடும்பங்களை எங்கே பிடுங்கி நடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும் அரைகுறைத் திட்டமே.

மூட்டத்துப் புகையில்

கரிமூட்டம் போடும் வேலையைப் பார்த்திராத ஆலைத் தோழர்களுக்காகச் சில வார்த்தைகள். முள்ளைக் கழித்து, மரத்தைத் துண்டு போட்டு, வட்டமாக அடுக்குகிறார்கள். மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈர மண் பூசி மூடுகிறார்கள். பிறகு உள்ளே தீ வைக்கிறார்கள். தீ எரியவும் கூடாது, அணையவும் கூடாது. புகைந்துகொண்டே இருக்க வேண்டும். பல நாள் இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். மூட்டத்தில் எங்காவது வெடிப்பு விழுந்து காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். நாலைந்து டன் விறகு வெந்தால் ஒரு டன் கரி கிடைக்கும். ஆறியதும் பிரித்து, தூசியில் நின்று சலித்து, மூட்டை பிடிக்க வேண்டும்.

இதில் புருஷனும் பெண்சாதியும் பிள்ளைகளும் உழைக்கிறார்கள். கூலியோ குடும்பத்துக்கு ஒன்றாக, டன்னுக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்காகிறது. இரவுக் காவலுக்குக் கணக்கே இல்லை. முள் குத்திச் சீழ் பிடித்த காலுக்குக் கணக்கில்லை. புகை தின்ற நெஞ்சுக்கும் கணக்கில்லை. முன்பணம் கொடுத்த வியாபாரி எடை போடுகிறார். அவர் தராசு, அவர் விலை. கரி லாரியேறிப் பட்டணத்து ஹோட்டலுக்கும் பட்டறைக்கும் போகிறது. விலை எத்தனை கை மாறி எப்படி ஏறுகிறது என்பது மூட்டம் போட்டவனுக்குத் தெரிவதே இல்லை.

முன்பணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டார்கள். இருளர் சமூகத்து ஏழைகள். குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு கிழவர் விழுந்து கும்பிட்ட படம் பத்திரிகைகளில் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, கோடரி பிடித்த ஒரு கிழவன் தன் விடுதலைக்காக ஒருவர் காலில் விழ வேண்டியிருந்தது! வெட்கப்பட வேண்டியவர் அந்தக் கிழவர் அல்ல.

கோடரிக்காரனுக்குக் குண்டு

மரக் கொள்ளையில் யார் சாகிறார்கள், யார் வாழ்கிறார்கள் என்பதை 2015 ஏப்ரல் 7-ந் தேதி நாடே பார்த்தது. திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 மரம் வெட்டும் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் நமது திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம் ஜில்லாக்களின் ஏழைகள். ஜவ்வாது மலை போன்ற இடங்களிலிருந்து கூலிக்குப் போன மலைவாசிகள் பலர். தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து பிடித்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள்.

செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலுள்ள வறண்ட சரிவுகளே அதன் வீடு. கடல் கடந்து சீனா முதலிய தேசங்களில் பெரும் விலைக்குப் போகிறது. அந்த மரம் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. நாம் கேட்பது வேறு. மலையில் சாமை விதைத்து மழை பொய்த்துப்போனவன் ஏஜெண்டின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கோடரி தூக்குகிறான். அவன் தோளில் ஒரு கட்டை இருக்கிறது. துறைமுகம் வரை அந்தக் கட்டையைக் கொண்டுபோன லாரி யாருடையது? கப்பலேற்றியவர் யார்? பணத்தை வாங்கியவர் யார்? 20 பிணங்கள் கிடந்த காட்டில் இவர்களில் ஒருவர் பிணம்கூட இல்லையே! இருபது கூலிக்காரர்களைச் சுட்டதால் செம்மரக் கடத்தல் நின்றுவிடவில்லை. ஏஜெண்ட் வேறு இருபது பேரைத் தேடிப் போகிறான். பசி இருக்கும் வரை அவனுக்கு ஆள் கிடைக்கும்.

பனையும் சூளையும்

வறண்ட சீமையின் இன்னொரு தூண் பனை. 1978 முதல் தமிழகத்தின் மாநில மரம் என்ற பட்டம் அதற்கு உண்டு. பட்டம் பெற்ற மரத்தைச் செங்கல் சூளைக்கு அடியோடு சாய்த்துக் கொடுத்த காலமும் அதுவே. பனை காய்ப்புக்கு வரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள், சில இடங்களில் இன்னும் அதிகம் ஆகும். சூளையில் எரிய ஒரு ராத்திரி போதும். கண்மாய்க்கரையில் பனை போனால் கரை இளகுகிறது. பதநீர் இறக்கியவன் தொழில் போகிறது. கருப்புக்கட்டி காய்ச்சிய பெண்ணின் அடுப்பு அணைகிறது. ஓலை முடைந்த பாட்டியின் கை சும்மா இருக்கிறது. ஒரு மரத்தில் மூன்று பிழைப்பு போகிறது.

2021 ஆகஸ்டில் முதல் விவசாய பட்ஜெட்டை வைத்தபோது, கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்றும், 30 ஜில்லாக்களில் 76 லட்சம் பனை விதை ஊன்றப்படும் என்றும் சர்க்கார் அறிவித்தது. நல்ல அறிவிப்பு; வரவேற்கிறோம். ஆனால் கலெக்டர் கையெழுத்தை ஒவ்வொரு பனங்காட்டிலும் காவல் நிறுத்த முடியாது. பனையேறியும் ஊர் ஜனங்களும் காவல் நின்றால்தான் பனை நிற்கும். பனையேறிக்குப் பனையால் பிழைப்பு இருந்தால்தான் அவன் காவல் நிற்பான்.

ஆலைத் தொழிலாளிக்கு இதில் என்ன?

"இது நாட்டுப்புறத்தார் பிரச்னை, மில்லில் வேலை பார்க்கும் நமக்கு என்ன?" என்று சில தோழர்கள் கேட்கலாம். உங்கள் பக்கத்து பாய்லரைப் பாருங்கள். திருப்பூர், ஈரோட்டுச் சாயப் பட்டறைகளின் பாய்லர்களில் விறகு எரிகிறது. தென் ஜில்லாக்களில் சீமைக் கருவேலை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் ஏற்பட்டன. முள் குத்திய காலோடு வெட்டிய விறகு உங்கள் ஆலை வாசலில் வந்து இறங்குகிறது. வெட்டியவனுக்குக் கூலி குறைவாகக் கொடுத்ததால் உங்கள் முதலாளிக்கு நீராவி மலிவாகக் கிடைக்கிறது. அந்த நீராவியில் வெளுத்துச் சாயமேறிய துணிக்கு நீங்களும் குறைந்த கூலிக்கு உழைக்கிறீர்கள். இரண்டு பக்கத்திலும் மிச்சம் பிடிக்கும் கை ஒன்றே.

இன்னொன்றும் உண்டு. நூற்பாலைகளின் ஹாஸ்டல்களில் தங்கி வேலை செய்யும் இளம் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பெரும்பாலும் கண்மாய் வற்றிய இந்த வறண்ட கிராமங்களிலிருந்தே வருகிறார்கள். "சுமங்கலித் திட்டம்" என்ற அழகிய பெயரில் மூன்று ஆண்டு உழைப்பை அடகு வைத்துக் கல்யாணப் பணம் தருவோம் என்று ஆள் பிடித்தபோது, வலை விரித்தது பசுமையான ஊர்களில் அல்ல. மொட்டைக் காடு மலிவான கையை உற்பத்தி செய்கிறது. மலிவான கை ஏராளமாகக் கிடைத்தால் ஆலையில் இருக்கிறவன் கூலியும் ஏறாது. ஆகவே ராமநாதபுரத்துக் கண்மாய்க்கரை மரத்துக்கும் கோயம்புத்தூர் மில் தொழிலாளியின் சம்பளச் சீட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

அடுப்பைப் பற்றியும் பேச வேண்டும். 2016-ல் "உஜ்வலா" என்ற பெயரில் ஏழை வீடுகளுக்குக் காஸ் இணைப்புக் கொடுத்தார்கள். இணைப்புக் கொடுத்தவர்கள் விலையைக் கட்டுக்குள் வைக்கவில்லை. 2022-ல் சிலிண்டர் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டிற்று. முதல் சிலிண்டர் தீர்ந்ததும் மூலையில் ஒதுங்கிய அடுப்புகள் எத்தனை! காஸ் விலை ஏறினால் கோடரி விழும் மரமும் கூடும். மரத்தைக் காப்பாற்றுவோம் என்று பேசுகிறவர்கள் முதலில் இதைக் கவனிக்கட்டும்.

அப்படியானால் யாரும் வெட்டலாமா?

"ஏழை என்றால் இஷ்டம்போல் வெட்டலாமா?" என்று நம்மைக் கேட்பார்கள். கூடாது என்பதே நமது பதில். காய்ந்த சுள்ளிக்கும் பச்சை மரத்துக்கும் வித்தியாசம் உண்டு. வீட்டு அடுப்புக்கும் லாரி லோடுக்கும் வித்தியாசம் உண்டு. கிளை கழிப்பது வேறு, அடியோடு சாய்ப்பது வேறு. இந்த வித்தியாசங்கள் நமது கிராமத்து ஜனங்களுக்குத் தெரியும். சொந்தம் என்று கருதும் மரத்தை எவனும் வீணாக்க மாட்டான். இன்று புறம்போக்கு மரம் சர்க்காருக்குச் சொந்தம், ஏலத்துக்குப் பிறகு கான்ட்ராக்டருக்குச் சொந்தம், ஊருக்கு எப்போதும் சொந்தமில்லை. ஊருக்குச் சொந்தமில்லாததை ஊர் எப்படிக் காக்கும்?

ஆப்பிரிக்காவில் சஹாராவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் நைஜர் தேசத்தைப் பாருங்கள். நம்மைவிட மழை குறைந்த, நம்மைவிட ஏழை நாடு. பிரெஞ்சு ஏகாதிபத்தியம் போட்ட சட்டங்களின் கீழ், விவசாயியின் சொந்த நிலத்தில் நின்ற மரமும் சர்க்கார் மரம். கிளை வெட்டினால் தண்டனை. ஆகவே கன்று முளைத்தால் பிடுங்கி எறிந்தார்கள். எண்பதுகளின் நடுவிலிருந்து மராடி, ஜிந்தர் பிரதேசங்களில் விவசாயிகள் தங்கள் நிலத்தில் உள்ள பழைய அடிக்கட்டைகளில் துளிர்த்ததைக் காக்கத் தொடங்கினார்கள். நாலைந்து தண்டை விட்டு மற்றதைக் கழித்து, கழித்ததை விறகாக்கினார்கள். மரம் தங்களுடையது என்ற நம்பிக்கை வந்ததும் வேலை பரவிற்று. ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரம் மீண்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நாற்றங்காலும் இல்லை, பெரிய கடனும் இல்லை. உரிமை இருந்தது, மரம் வளர்ந்தது.

நமது நாட்டிலேயே வேறொரு சரித்திரம் உண்டு. ராஜஸ்தான் பாலைவனத்தில், 1730-ல், ஜோத்பூர் அரண்மனைக் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பு சுடுவதற்காக கேஜ்ரலி கிராமத்து மரங்களை வெட்ட ராஜாவின் ஆட்கள் வந்தார்கள். பிஷ்னோய் ஜனங்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். 363 பேர் வெட்டுண்டார்கள் என்று அந்த ஜனங்கள் இன்றும் நினைவு கொண்டாடுகிறார்கள். அந்த மரம் நமக்கு அந்நியமல்ல; நமது ஊர்க் கோயில்களில் நிற்கும் வன்னியே அது. மரத்தை வெட்டச் சொன்னது அரண்மனை. மரத்துக்காக உயிர் கொடுத்தது குடிசை. "ஏழைக்கு மரத்தின் அருமை தெரியாது" என்கிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

நமது கோரிக்கைகள்

மரம் நடுவிழாப் படம் வேண்டாம்; காரியம் வேண்டும். கீழ்க்கண்டவற்றை நாம் கோருகிறோம்:

1. கண்மாய், வரத்துக்கால், விளைநிலங்களிலுள்ள சீமைக் கருவேலை ஏலக் கான்ட்ராக்ட் மூலம் அல்லாமல், கிராமசபையின் மேற்பார்வையில், ஊரகப் பொது வேலையாக, உள்ளூர்த் தொழிலாளரைக் கொண்டு வேரோடு அகற்ற வேண்டும். வெட்டிய விறகில் ஊர்க் குடும்பங்களுக்கு முதல் பங்கு வேண்டும்.

2. வேறெதுவும் வளராத உவர் நிலத்தில் இருக்கும் சீமைக் கருவேலை முறைவைத்து வெட்டும் விறகுக் காடாக ஊருக்கு ஒதுக்க வேண்டும். மற்ற இடங்களில் அகற்றியவுடனே வேம்பு, கருவேல், புங்கை, வன்னி, பனை ஆகியவற்றை நட்டு, மூன்று கோடைக்காவது காவல் கூலி கொடுத்து வளர்க்க வேண்டும்.

3. மரம் வெட்டுவோர், கரிமூட்டம் போடுவோர் அனைவருக்கும் குறைந்தபட்சக் கூலியை அமல் செய்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே கூலி கொடுக்க வேண்டும். முத்திரைத் தராசு, காலுக்குப் பூட்ஸ், காயத்துக்கு வைத்தியம், விபத்துக்கு நஷ்டஈடு வேண்டும்.

4. மரம் வெட்டும் இடங்கள் ஒவ்வொன்றையும் கலெக்டர்கள் ஆண்டுக்கு இருமுறை சோதனை போட வேண்டும். மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கு விடுதலைச் சான்று அன்றே தர வேண்டும். வீடும் நிலமும் வேலையும் தர வேண்டும்.

5. செம்மரக் கடத்தலில் ஏஜெண்டையும் லாரி முதலாளியையும் ஏற்றுமதிக்காரரையும் பிடிக்க வேண்டும். ஜவ்வாது மலையிலும் அதுபோன்ற மலைகளிலும் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

6. விறகு எரிக்கும் ஆலைகளும் சூளைகளும் அந்த விறகு எங்கே வெட்டப்பட்டது, வெட்டியவருக்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது என்ற கணக்கைத் தொழிற்சங்கத்துக்கும் காட்ட வேண்டும்.

7. ஏழைக் குடும்பங்களுக்குக் காஸ் சிலிண்டரை அவர்கள் வாங்கக்கூடிய விலையில் கொடுக்க வேண்டும்.

ஊரில் செய்ய வேண்டியது

கோரிக்கை எழுதி வைத்தால் தானாக நிறைவேறாது. விவசாயத் தொழிலாளர் தோழர்கள் தங்கள் ஊர்க் கண்மாயில் எத்தனை மரம் ஏலம் போயிற்று, எந்த விலைக்குப் போயிற்று, பணம் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பதைக் கிராமசபையில் எழுந்து கேட்க வேண்டும். கேட்பது உங்கள் உரிமை. ஏலப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். வேரோடு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால், வேர் இன்னும் மண்ணில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். மூட்டம் போடுகிறவர்கள் ஒரு தாலுகாவில் ஒன்றுசேர்ந்து ஒரே விலை கேட்டால், வியாபாரி எந்த ஊருக்குப் போய் எந்தத் தராசைத் தூக்குவான்?

ஆலைத் தோழர்கள் தங்கள் பாய்லர் விறகு எந்த ஜில்லாவிலிருந்து வருகிறது என்பதை லாரி டிரைவரிடம் விசாரியுங்கள். விசாரித்ததைச் சங்கத்தில் சொல்லுங்கள். அந்த ஜில்லாவின் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள். விறகு லாரி வந்த பாதையிலேயே உங்கள் கடிதமும் போகட்டும்.

கோடரி பிடித்த கையைக் குற்றவாளி என்று காட்டிப் பழகிவிட்டார்கள். அந்தக் கை தனக்கென்று பிடித்த கோடரி அல்ல அது. மரத்துக்கும் கைக்கும் எஜமானாக இருப்பவனைக் கணக்குக் கேட்கும்வரை, மானாவாரி மண்ணில் நிழல் விழாது. கணக்குக் கேட்போம்!